கேட்ட செவியும் காணாத கண்ணும்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்றது லைட்ஹவுஸ் குப்பம். ஏரியின் அக்கரையில், 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை இன்று இடிபாடாய்க் கிடக்கிறது.

1630-களில் அங்கு மதகுருவாய் இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். உலகமும் மனிதனும் தோன்றியது எவ்வாறு, தீமை வருவது ஏன், அதற்குப் பரிகாரம் யாது என்பன பற்றி இந்நாட்டார் கொண்ட கருத்துகளை அறிய விழைந்தார். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டு எழுதினார். அவர் மறைந்தபின், 1651-இல், லைடன் நகரில் அந்நூல் வெளிவந்தது. பர்த்ருஹரியின் செய்யுட்கள் ஐரோப்பாவை எட்டியதும் அதன் வழியேதான்.

தம் வேதமே மெய்யென நம்பியவர் அவர். ஆயினும், பிறர் கொள்கையை அவர்கள் வாயாலேயே கேட்டார். பிறந்த வீடு நமக்கு முதல் விளக்கத்தைத் தருகிறது. பிறரைக் கேட்பதால் அது தெளிவு பெறுகிறது.

எனினும், தீமை எதுவென ஆராயப்பட்ட அதே துறையிலிருந்து, பஞ்சத்தில் விலைபோன ஏழைகள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்! டச்சுக்காரரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. மனிதர் யாவரும் ஆதம் (அலை) அவர்களின் மக்கள், ஆதமோ மண்ணால் ஆனவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த பின்னரும், முஸ்லிம் நாடுகளில் அடிமைச் சந்தைகள் நடந்தன.

மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு நாம் விடை சொல்லிவிடலாம். அருகிலிருக்கும் எளியவனை நாம் நடத்தும் விதமே அவ்விடைக்குச் சாட்சி.