மங்கிய புள்ளிகள் சொன்ன செய்தி

நம் காலனியில் சர் சி. வி. இராமனின் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இராது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனார், பின்னர் ஈடுபட்ட பெரும் வாதம் ஒன்றினை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றேன்.

உப்பு, கற்கண்டு, வைரம் முதலியன படிகங்கள். அவற்றுள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. 1912-இல் ஜெர்மனியில் லாவே என்பாரின் கருத்துப்படி எக்ஸ் கதிர்களைப் படிகத்தினூடே செலுத்தியபோது, ஒளிப்படத் தகட்டில் கூரிய புள்ளிகள் ஒழுங்காகப் பதிந்தன. அவற்றைக் கொண்டு அணுக்கள் நிற்கும் இடங்களை 1913-இல் இங்கிலாந்தில் பிராக் என்னும் தந்தையும் மைந்தரும் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆயினும், கூரிய புள்ளிகளைச் சூழ்ந்தும் அவற்றின் இடையிலும் மங்கிய கறைகள் பதிவதுண்டு. இதனை விளக்க, இரயில்வே ஊழியனாகிய எனக்குக் கால அட்டவணையே உவமையாகத் தோன்றுகிறது. வண்டிகள் எப்பொழுது வரவேண்டும் என்பதை அட்டவணை கூறும். எவ்வண்டி பிந்தியது, அதனால் வேறெது பிந்தியது என்பதை நிலையத்துப் பதிவேடே கூறும். கூரிய புள்ளி அட்டவணை போன்றது. அணுக்களின் சராசரி ஒழுங்கைக் காட்டும். மங்கிய கறை பதிவேடு போன்றது. அவ்வொழுங்கினின்று அணுக்கள் விலகும் முறையைக் காட்டும். வெப்பத்தால் அணுக்கள் ஓயாது அதிர்வது ஒருவகை விலகல். வேற்றணு புகுதலும் அடுக்குப் பிறழ்தலும் மற்றொரு வகை.

1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இராமனும் பி. நீலகண்டனும் இத்தகைய கூடுதல் புள்ளிகளை வைரத்தில் ஆராய்ந்து, இது புதியதோர் எக்ஸ் கதிர் விளைவு என்று அறிவித்தனர். எக்ஸ் கதிரே படிகத்தினுள் அதிர்வை எழுப்புகிறது என்பது இராமனின் கொள்கை. 1935-36-இல் அதே கழகத்தில் விருந்தினராகப் பணியாற்றிச் சென்ற மாக்ஸ் பார்ன் இதனை மறுத்தார். சுவீடன் அறிஞர்களான ஃபாக்சேனும் வாலரும் 1920-களில் வகுத்த வெப்ப அதிர்வுக் கொள்கையே போதுமானது என்பது அவர் கட்சி.

இங்கிலாந்தில் கத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் படிகங்களைக் கடுங்குளிரில் வைத்துப் படமெடுத்தார். மங்கிய கறைகள் மெலிந்தன. எனவே அவற்றுக்கு வெப்பமே காரணம் எனத் தெளிவாயிற்று. ஆனால், சில வைரங்களில் மட்டும் தோன்றிய வேறு சில கோடுகள் குளிரிலும் மெலியவில்லை. அத்தகைய வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பது 1959-இல் வெளிப்பட்டது. அவற்றினுள் மிக நுண்ணிய தட்டுகள் போன்ற குறைகள் உள்ளமையை 1960-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. இராமன் அப்புள்ளிகளைக் கூர்ந்து நோக்கியது வீண்போகவில்லை. அவர் கூறிய காரணமே நிலைபெறவில்லை.

இனி, இராமனின் மாணவர் ஜி. என். இராமச்சந்திரன் செய்ததைக் காண்போம். 1947-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், ஊஸ்டர் என்பாருடன் சேர்ந்து, மங்கிய கறையின் செறிவை அளந்தே படிகத்தின் மீள்தன்மையைக் கணக்கிடும் முறையை வகுத்தார். விறைத்த படிகத்தில் அதிர்வு சிறிது. ஆதலின் கறையும் மெல்லியது. இம்முறைக்கு அடிப்படை ஆசானின் கொள்கையன்று. எதிர்க்கட்சியார் எடுத்துரைத்த வெப்ப அதிர்வுக் கொள்கையே. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு கண்டவரும் இவரே.

நாம் வாழும் புனே நகரிலும் 1950 முதல் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இயங்கி வருகிறது. புதிய திடப்பொருள்களின் உள்ளமைப்பை அறிய அங்கும் எக்ஸ் கதிரே துணை. நம் பிள்ளைகளுள் எவரேனும் அத்தகைய கூடத்தில் அமரும் நாள் வருமாயின், இராமனிடம் கறையையும் ஊன்றிப் பார்க்கும் கண்ணையும், இராமச்சந்திரனிடம் உண்மை எப்பக்கம் இருப்பினும் அதனைக் கைக்கொள்ளும் நெஞ்சையும் கற்பாராக. ஆசானுக்குச் செலுத்தும் காணிக்கை அவர் முடிவை மனனம் செய்வதன்று. அவர் தொடங்கிய ஆராய்ச்சியை மேலே கொண்டு செல்வதேயாம்.