பெயர் வைக்கும் முன்பே விலைபோன நண்டு

காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு நண்டைப் பற்றி என்ன கவலை என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதில் நண்டைவிட வியாபாரம்தான் அதிகம் :)

ஐரோப்பாவில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் 2000-க்குப் பிறகு ஒரு குட்டி நண்டு பிரபலமாக ஆரம்பித்தது. உடம்பு சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். கருஊதா நிறம், முதுகில் வெளிர்மஞ்சள் திட்டு, பளீரென்று மஞ்சள் கண்கள். அந்தக் கண்களுக்காகவே கடைக்காரர்கள் வைத்த பெயர் "வாம்பயர் நண்டு". ரத்தமெல்லாம் குடிக்காது, பயப்படாதீர்கள். கடல் பக்கமே போகாமல், நன்னீர் ஓடைக்கரையின் ஈர மண்ணில் வாழ்கிற நண்டு இது.

வாங்கியவர்களுக்கு ஒரு சந்தேகம். இது என்ன இனம்? ஜியோசெசர்மா என்ற பேரினம் என்பது வரை தெரிந்தது. அந்தப் பேரினத்தை 1892-ல் பெயரிட்டவர் டி மான் என்ற டச்சு அறிஞர். ஆனால் அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் இது எது?

நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நானும் நினைத்தேன். முடியாது. அருங்காட்சியகத்தில் ஆல்கஹாலில் ஊறும் நண்டின் நிறம் வெளுத்துவிடும். தொட்டியில் மின்னும் ஊதாவை நூறு வருடப் பழைய புட்டியில் தேட முடியாது. நிபுணர்கள் நம்புவது வளர்ந்த ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்கு அடியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை. அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும்.

இன்னொரு சிக்கல், ஊர். எங்கே பிடித்தது என்று தெரியாத உயிரினத்தை வைத்துக்கொண்டு ஆய்வாளர் எதை எழுதுவார்? பிடிக்கிறவர்களோ இடத்தை வெளியே சொல்லவில்லை. எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் தொழில் ரகசியம். சரக்கு கிடைக்கும் இடம் தெரிந்துவிட்டால் நாளை போட்டிக்கு நாலு பேர் வந்துவிடுவார்களே!

கடைசியில் கிறிஸ்டியன் லுக்காப் என்ற ஜெர்மன் புகைப்படக்காரர் அந்த வியாபாரத் தடத்தைப் பிடித்தே போனார். தடம் போய் நின்ற இடம் இந்தோனேசியாவின் மத்திய ஜாவா. அவரும், சிங்கப்பூரின் பீட்டர் இங், ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் ஷூபார்ட் ஆகியோரும் சேர்ந்து 2015-ல் 'ராஃபிள்ஸ் புல்லட்டின் ஆஃப் சுவாலஜி' இதழில் ஆய்வை வெளியிட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? ஒன்றல்ல, இரண்டு புது இனங்கள்! ஊதா நண்டு ஜியோசெசர்மா டென்னர்லே. ஆரஞ்சு நிறக் கொடுக்கு கொண்டது ஜியோசெசர்மா ஹாகன். டி மான் 1892-ல் ஜாவாவிலிருந்து விவரித்த ஜியோசெசர்மா நோடுலிஃபெரா என்பது உண்மையில் எது என்பதையும் அதே கட்டுரையில் தெளிவாக்க வேண்டியிருந்தது. பழைய கணக்கை முடிக்காமல் புதுக் கணக்கு எழுத முடியாதல்லவா?

டென்னர்லே, ஹாகன் இரண்டும் மீன் தொட்டிப் பொருள் விற்கும் நிறுவனங்களின் பெயர்கள். ஆய்வுப் பணிக்கு உதவியதற்கு நன்றியாக வைத்தது. சிலருக்கு இது உறுத்தலாம். எனக்கு உறுத்துவது வேறு. பல வருடம் இந்த நண்டுகள் காட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வெளியேறின. பெயர் இல்லாததால் எத்தனை போயின, எத்தனை மிச்சம் என்று கணக்கு வைக்க ஒரு தலைப்புகூட இல்லை. பெயர் இல்லாத இனத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்க்க முடியாது. சட்டப் பாதுகாப்பு கேட்கவும் முடியாது.

ஆனால் பெயர் வைக்க ஊரைச் சொல்ல வேண்டும். ஊரைச் சொன்னால் அங்கே இன்னும் நாலு பேர் வலையோடு போவார்கள். காப்பாற்றவும் அதே தகவல், காலி பண்ணவும் அதே தகவல்.

லெட்ஜரில் பெயர் ஏறாத சரக்கு திருடு போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று முதல் வருடத்திலேயே படித்தோம். அது ஓடைக்கரை நண்டுக்கும் பொருந்தும் என்பது இப்போதுதான் புரிகிறது.

உங்களில் யார் வீட்டிலாவது தொட்டியில் நண்டு இருந்தால், அது எந்த ஊர் என்று விற்றவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.