சிரிப்பில் மறைந்த துயரம்

இங்கிலாந்தின் கடற்படை அலுவலகத்தில் பணி புரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பாரின் நாட்குறிப்பு, வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றும் நூலாகும். 1667-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் அவர் படகேறிக் கிரீனிச்சுக்குச் சென்றார். துறையின் படிகளில் மக்கள் நெருங்கி நின்றனர். அன்று அங்கே நிகழவிருந்தது திருவிழா அன்று. ஓர் ஏளன ஊர்வலம். அவ்வூர்க் காவல் அதிகாரியை அவர் மனைவி அடித்துவிட்டார் என்பதே அதற்குக் காரணம்!

'ஸ்கிம்மிங்டன்' எனப்பட்ட இவ்வூர்வலத்தில், கணவனாகவும் மனைவியாகவும் வேடம் பூண்ட இருவர் ஒரே குதிரைமீது ஏறுவர். கணவன் வேடத்தான் குதிரையின் வாலை நோக்கி அமர்ந்திருப்பான். மற்றவன் அவனை அகப்பையால் அடிப்பான். சட்டிபானைகளைத் தட்டிக்கொண்டு ஊரார் பின்தொடர்வர். பிரான்சு நாட்டிலோ, அடிபட்ட கணவனையே கழுதைமீது பின்புறம் நோக்கி அமர்த்தி ஊரைச் சுற்றச் செய்ததும் உண்டு.

சாமர்செட்டில் உள்ள மாண்டகியூட் மாளிகையின் பெருங்கூடச் சுவரில் இதனைச் சுதைச் சிற்பமாக இன்றும் காணலாம். குழந்தையைக் கையில் ஏந்தியவாறு மது அருந்தப் போன கணவனை மனைவி செருப்பால் அடிக்கிறாள். அடுத்து, கழிமீது ஏற்றி நடத்தும் ஊர்வலம். 1600-ஆம் ஆண்டையொட்டி அம்மாளிகையைக் கட்டிய எட்வர்டு ஃபிலிப்ஸ் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் காமன்ஸ் சபையின் சபாநாயகராகவும் விளங்கியவர். சட்டம் கற்றவர் இல்லத்திலும் அடிபட்டவன் நகைப்புக்குரிய பொருளே ஆயினான்.

அடிபட்டவனை ஊர் இகழ்ந்தது ஏன்? இல்லத்தை ஆள வேண்டியவன் கணவன். அவன் ஆளத் தவறினான் என்பதே அக்காலத்தார் எண்ணம். மனைவியை அடித்துத் திருத்தும் உரிமை கணவனுக்கு உண்டு என்று சொன்னதும் இதே எண்ணந்தான். ஒரே மரத்தில் காய்த்த இரு நச்சுக் கனிகள் இவை. எனவே, ஆடவரின் இத்துயரைப் பேசுவது பெண்களின் துயரைக் குறைத்துப் பேசுவதாகாது. இல்லத்துக் கொடுமைக்கு மிகுதியாக ஆளாகின்றவர் பெண்களே என்பதை எவரும் மறுக்க இயலாது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1909-ஆம் ஆண்டு சாமசாஸ்திரியார் மைசூரில் பதிப்பித்த கௌடிலியரின் அர்த்தசாத்திரம், மனைவி இழைக்கும் தீங்கினால் கணவன் பிரிவை நாடுவதையும், கணவன் இழைக்கும் தீங்கினால் மனைவி பிரிவை நாடுவதையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. பொருள் பெறுவதில் பெண்ணுக்குப் பாதகமான விதி அது. உயர்ந்தவை எனக் கருதப்பட்ட நால்வகை மணங்களுக்குப் பிரிவே இல்லை என்றும் அந்நூல் சொல்கிறது. ஆயினும், தீங்கு இரு புறத்தும் நேரலாம் என்பதை நகைப்பின்றி அது ஏற்றுக்கொண்டது.

விடுதலைக்குப்பின் வந்த 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், கொடுமையைக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும் உரிமையைக் கணவன், மனைவி இருவர்க்கும் அளித்தது. 1975-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவியின் இடையறாத வசையும் அச்சுறுத்தலும் கொடுமையே என்று கண்டது. ஆயினும், கணவர் அதனைப் பொறுத்து இல்வாழ்வைத் தொடர்ந்தார் என்பதால் அவர் வேண்டிய பிரிவு கிடைக்கவில்லை. பொறுமையே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று! 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், கொடுமையை இருபாலார்க்கும் மணவிலக்குக்குரிய காரணமாக்கியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களின் பாதுகாப்புக்கென்றே இயற்றப்பட்டது. அதன் தேவை வெளிப்படை. அடிபடும் கணவன் பொதுவான குற்றவியல் சட்டத்தையும் மணவிலக்குச் சட்டத்தையுமே நாட வேண்டியவனாகிறான்.

ஊர்வலம் நடத்திய இங்கிலாந்தே பின்னர் மாறியது. துணைவரை அடக்கி ஒடுக்குதலைக் குற்றமாக்கிய 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டவில்லை. 2018-இல் ஒரு பெண் அதன்படி முதன்முதலாகத் தண்டனை பெற்றார்.

சட்டம் மாறினும் சொல் எளிதில் மாறுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், இத்தகைய கணவனைக் குறிக்க ஏளனம் கலவாத ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கோழி கொத்தியவன்' என்பர். நம்மவர் 'பெண்டாட்டிதாசன்' என்பர். இரண்டும் சிரிப்பதற்கென்றே பிறந்தவை. காவல் நிலையத்திலோ, மருத்துவரிடமோ, உடன்பிறந்தாரிடமோ ஒருவன் வாய் திறக்குமுன் இச்சிரிப்பே அவன் நாவைக் கட்டிவிடுகிறது. கிரீனிச்சுப் படிகளில் நின்ற கூட்டம் கலைந்து நெடுங்காலமாயிற்று. அடுத்த முறை நம் நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி இத்துயரைச் சொல்லத் தொடங்கும்போது, நாம் அக்கூட்டத்தில் ஒருவராகாமல் இருப்போமாக.