கணையத்தைக் கண்ட கதை



நம் உடலுறுப்புக்களுள் மிகவும் ஒளிந்து வாழ்வது கணையம். இரைப்பைக்குப் பின்னும் முதுகெலும்புக்கு முன்னுமாகக் குறுக்கே கிடக்கும் இச்சுரப்பியை மருத்துவர் வயிற்றைத் தடவி அறிதல் அரிது. உணவைச் செரிப்பிக்கும் நீரையும், குருதியிலுள்ள சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் தருவது இதுவே. இதனுள் சிலருக்கு நீர் நிறைந்த கட்டிகள் தோன்றுவதுண்டு. அவற்றுட் பல தீங்கற்றவை. சில, நாளடைவில் புற்றாக மாறக் கூடியவை. வயிற்றைக் கீறாமலே இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றையே இன்று காணப் போகிறோம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பு அக்கதிரைத் தடுத்து நிழலாகத் தெரிந்தது. கணையமோ, சுற்றியுள்ள தசையையும் குடலையும் ஏறத்தாழ ஒத்த அடர்த்தி உடையது. ஆகவே, சுண்ணாம்பு படிந்திருந்தாலன்றி அது படத்தில் தனித்துத் தோன்றவில்லை.

அடுத்த வழி ஒலியின் வழி. கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயான் டொனால்ட், உலோகத்தில் விரிசல் காணும் தொழிற்சாலைக் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்த முனைந்தார். செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் படமாக்கினார். தீராத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது, எளிதில் அகற்றத்தக்க சூலக நீர்க்கட்டியே என்று அக்கருவி காட்டிற்று, அவர் பிழைத்தார். இவ்வாராய்ச்சி 1958இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. எனினும், குடலிலுள்ள காற்று ஒலியை மறிப்பதால், கணையம் அப்போதும் பாதி மறைந்தே நின்றது.

1971 அக்டோபர் 1ஆம் நாள், லண்டனின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படம் பிடித்தது. பல கோணங்களில் எடுத்த அளவுகளைக் கணிப்பொறி கூட்டி, உடலைக் குறுக்கே அரிந்தாற்போலக் காட்டிற்று. பின்னர் அக்கருவி வயிற்றுக்கும் விரிந்தது. கணையம் கண்ணுக்குத் தெரிந்தது.

தெரிந்தது சரி, அதன் பொருள் புரிந்ததா? அதுவரை கணைய நீர்க்கட்டிகள் பலவும் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தன. 1978இல் கம்பாக்னோ, எர்டெல் என்னும் அமெரிக்க நோய்க்குறியியலார் இருவர், அகற்றிய கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தெளிநீர்க் கட்டி வேறு, கோழைக் கட்டி வேறு என்று பிரித்தனர். முன்னது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னது புற்றாகக் கூடியது. 1982இல் ஜப்பானிய மருத்துவர் ஓஹாஷியும் அவர் குழுவினரும், கணைய நாளத்துக்குள்ளேயே கோழை சுரந்து நாளத்தை வீங்கச் செய்யும் கட்டியை விளக்கினர். இதன் பின்னரே, படத்தில் எதனைத் தேட வேண்டும் என்பது தெளிவாயிற்று.

கருவிகளும் வளர்ந்தன. காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ., நீரை ஒளிரச் செய்து, கட்டிக்கும் நாளத்துக்கும் தொடர்புண்டா எனக் காட்டுகிறது. உள்நோக்கிக் குழாயின் நுனியில் ஒலிக்கருவியைப் பொருத்தி இரைப்பைக்குள் செலுத்தினால், கணையம் மிக அண்மையில் தெரிகிறது. ஊசியால் கட்டியின் நீரையும் எடுத்துச் சோதிக்கலாம்.

இனி, முடிவெடுப்பதே அரிய பணி. கணையத்தை அறுப்பது பேரறுவை. அதன் பெரும்பகுதியை இழந்தவருக்கு நீரிழிவு வரலாம். அறுக்காமல் விட்டாலோ புற்று வளரலாம். நாளத்தின் கிளைகளில் எழும் கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் அகற்றுக என்றன, 2006இல் வெளியான பன்னாட்டு நெறிகள். பருமன் ஒன்றே போதிய சான்றன்று என்று 2012இல் அவை திருத்தப்பட்டன. முதன்மை நாளம் 10 மில்லிமீட்டர் அளவுக்கு விரிதலும், கட்டியின் உட்சுவரில் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குருதியோட்டமுள்ள முடிச்சு எழுதலும் பேரிடர்க் குறிகள் என்று, 2024இல் வெளியான கியோட்டோ நெறிகளும் கூறுகின்றன. இக்குறிகள் இல்லாதார் பலரைக் கத்தியின்றி, காலந்தோறும் படமெடுத்துக் கண்காணித்து வருகின்றனர்.

கருவி நிழலைத் தரும்; நிழலுக்குப் பொருள் தந்தது நுண்ணோக்கியின் முன் அமர்ந்தோரின் பொறுமை. அறிவியல் பயிலும் நீங்கள் இவ்விரண்டையும் ஒருங்கே மதித்தல் வேண்டும்.