பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, 'பீச்' என்று எழுதியிருக்கிறதே என்று நம்பிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் கண்ணில் படுவது ராஜாஜி சாலை. அதற்கு அந்தப் பக்கம் துறைமுகத்தின் மதில். கடல்? அது மதிலுக்கும் பின்னால் எங்கோ இருக்கிறது. பிறகு ஏன் அந்தப் பெயர்? காரணம் எளிது. ஒரு காலத்தில் அங்கே உண்மையாகவே கடற்கரை இருந்தது. ராஜாஜி சாலையின் பழைய பெயரே 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' தான்.

சென்னைவாசியின் கடல் ஆசை என்றால் இன்று அதற்கு ஒரே அர்த்தம், மெரினா. ஆனால் அந்த அகலமான மணல்வெளி ஆதிகாலம் தொட்டு இருப்பது அல்ல. அது வந்து நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை. அது வந்த கதையில் ஒரு லாபக் கணக்கும் இருக்கிறது, ஒரு நஷ்டக் கணக்கும் இருக்கிறது.

அலைக்குப் பயந்த ஊர்

1639ல் ஆங்கிலேயர்கள் இடம் வாங்கிக் கோட்டை கட்டியபோது, இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. கோட்டையின் கிழக்கு மதிலுக்கு மிக அருகிலேயே கடல் இருந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வருவது மீனவர்களின் வேலை. ஆணி அடித்த படகு இங்கத்திய அலையில் உடைந்துவிடும். அதனால் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளைப் பயன்படுத்தினார்கள். அலை மோதும்போது அவை வளைந்து கொடுக்கும். அப்படியும் படகுகள் கவிழ்ந்தன, உயிர்கள் போயின. அன்றைய மதராஸில் வந்து இறங்கியவர்களுக்குக் கடல் என்றால் அழகு அல்ல, ஆபத்து!

1861ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அது போதவில்லை. 1875ல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881ல் வந்த புயல் பாதி வேலையை நாசம் செய்தது. மறுபடி கட்டினார்கள்.

மணல் வந்த விதம்

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மணலே ஓடும் ஒரு ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆற்றின் குறுக்கே துறைமுகச் சுவர் ஒரு அணைபோல நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுச் சேர ஆரம்பித்தது. அதற்கு முன் மெரினா ஒடுக்கமான கரைதான். 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்), அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கும் கிடங்கு. கரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் அங்கே கட்டினார்கள். இன்று அதன் வாசலிலிருந்து தண்ணீரைத் தொட எவ்வளவு மணல் நடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் இந்தக் கரையோரம் உலாவும் பாதை அமைத்தார். சிசிலித் தீவை நினைத்து 'மெரினா' என்று பெயரும் வைத்தார். துரைமார்கள் காற்று வாங்குவதற்காக வந்த பாதை, கொஞ்ச காலத்தில் எல்லோருடையதும் ஆகிவிட்டது. 1907ல் விபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது இந்த மணலில்தான். 2017ல் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும் இங்கேதான். மற்ற நாட்களில்? திருவல்லிக்கேணி மேன்சனில் ஒரு அறைக்குள் நாலு பேராகத் தங்கியிருப்பவனுக்கும், ஒண்டுக்குடித்தனத்தில் மூச்சு முட்டும் குடும்பத்துக்கும் காசில்லாமல் கிடைக்கும் ஒரே விசாலமான இடம். ஒரு பொட்டலம் சுண்டலோடு ஒரு மாலை முழுக்க உட்காரலாம். போ என்று யாரும் சொல்வதில்லை.

நஷ்டக் கணக்கு

தெற்கே தேங்கிய மணல், வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல் அல்லவா? அது வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. மீனவர்களுக்குக் கரை என்பது உலாவும் இடம் அல்ல. படகை ஏற்றி வைக்க, வலை உலர்த்த, மீனை ஏலம் விட, குடியிருக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வடசென்னையில் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். ஓரிடத்தில் கல் போட்டால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. தென்சென்னைக்காரன் கால் புதைத்து நடக்கும் மணலில் ஒரு பங்கு, வடசென்னைக்காரன் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டியது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பாண்டிச்சேரி. 1980களின் கடைசியில் அங்கே துறைமுகச் சுவர்கள் வந்தது ஊருக்குத் தெற்கே. அதனால் ஊருக்கு வரவேண்டிய மணல் நின்றுபோனது. பெயர் பெற்ற கடற்கரைச் சாலையில் மணல் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. 2018க்குப் பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து ஒரு பகுதி மணலைத் திரும்ப வரவைத்தார்கள்.

மதராஸில் துறைமுகம் உலாவும் பாதைக்கு வடக்கே அமைந்தது, பாண்டியில் தெற்கே அமைந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்! இதில் நகரவாசியின் ஆசைக்குப் பங்கில்லை. அவன் மணலைக் கேட்டு வாங்கவும் இல்லை. ஆனால் கரையில் இனி ஒரு சுவர் எழும்போது, "மணல் எந்தப் பக்கம் நிற்கும், எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் வடக்கே இருப்பவர்களுக்காக அதையாவது கேட்கலாமே...