புல் விரித்த கைகள்

அருகம்புல்லைத் தமிழ்நாட்டார் இரண்டு விதமாக அறிவார்கள். பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டுவது ஒன்று. வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கிவிட்டால் எத்தனை முறை கொத்தினாலும் மண்ணுக்குள் கிடக்கும் ஒற்றைக் கணுவிலிருந்து மறுபடி கிளம்புகிற களை இன்னொன்று. மணமக்களை அருகுபோல் வேரோடச் சொல்லி வாழ்த்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். இதே புல்லுக்கு அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர். அங்கும் ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தி விவசாயிகள் இதோடு மல்லுக்கட்டினார்கள்.

அந்த ஜார்ஜியாவிலேயே டிஃப்டன் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1936-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த கிளென் பர்ட்டன், களை என்று ஒதுக்கப்பட்ட அருகையே தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். நம் வரப்பில் வளரும் அருகும் அதன் தென்னாப்பிரிக்க உறவுப் புல்லும் கலந்து பிறந்த 'டிஃப்வே' என்ற ரகம் 1960-இல் வெளியானது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கால்பந்து மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் வீட்டு முற்றங்களிலும் அது பரவியது.

இந்தக் கலப்புப் புல் முளைக்கக்கூடிய விதை தராது. கடையில் விதைப் பொட்டலம் வாங்கி வந்து தூவி இதை வளர்க்க முடியாது. தண்டுத் துண்டுகளை ஊன்ற வேண்டும்; அல்லது மண்ணோடும் வேரோடும் பெயர்த்தெடுத்த பத்தைகளைக் கொண்டுவந்து விரிக்க வேண்டும். ஒரு மரத்தட்டில் அடுக்கிய புல்பத்தைகள் ஏறத்தாழ ஒரு டன் கனக்கும். வெட்டி ஒரு நாளுக்கு மேல் அடுக்கிலேயே கிடந்தால் நடுவில் சூடேறிப் புல் பழுத்துப்போகும். லாரி வந்து நின்றதும் இறக்கி, செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கி, உருளை ஓட்டி, அன்றே தண்ணீர் விட்டாக வேண்டும். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தனியாக முடிக்கிற வேலையா இது? ஆள் வேண்டும். புல்தரையைப் பற்றி எழுதிய பலர் பிரபுக்களையும் பாணிகளையும் பற்றியே எழுதினார்கள். அந்த ஆட்களின் வரலாறுதான் புல்தரையின் வரலாற்றில் பெரும்பகுதி.

புல்பத்தை விரிக்கும் முறையை எழுதிவைத்த பழையவர்களில் ஒருவர், ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் என்ற ஜெர்மானியத் துறவி. 1260-ஐ ஒட்டி அவர் எழுதிய தாவர நூலில், இன்பத் தோட்டம் அமைப்பது எப்படி என்று ஒரு பகுதி வருகிறது. முதலில் நிலத்திலுள்ள வேர்களை எல்லாம் தோண்டி எறிய வேண்டும். பிறகு கொதிக்கும் நீரை ஊற்றி, மண்ணில் மிஞ்சிய விதைகளைக் கொல்ல வேண்டும். அதன்மேல் செழித்த புல்பத்தைகளைப் பரப்பி, அகன்ற மரச் சம்மட்டியால் அடித்து, புல்லே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். சில நாளில் மெல்லிய தளிர்கள் மயிர்போல் எழுந்து நிலத்தை மூடும். கொதிநீருக்குப் பதில் களைக்கொல்லி, சம்மட்டிக்குப் பதில் உருளை என்று மாற்றிக்கொண்டால், இன்று டெக்ஸாஸில் ஒரு மேஸ்திரி தன் ஆட்களுக்குச் சொல்லும் வேலை வரிசை இதுதான். கொதிநீர்க் கொப்பரையைச் சுமந்தவர் யார், சம்மட்டி அடித்தவர் யார் என்று துறவி எழுதவில்லை.

அக்காலத்தில் பத்தைகள் வந்தது மேய்ச்சல் நிலத்திலிருந்து. ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகவும் அடர்த்தியாகவும் ஆன புல்லை ஓர் அடி அகலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். பிரபுவின் முற்றம் பச்சையாக, வேறெங்கோ ஒரு மேய்ச்சல் வெளி தோலுரிந்து நின்றது.

இந்த வேலையைப் பெருந்தொழிலாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டின் லான்சலட் பிரவுன். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் கிர்க்ஹார்ல் என்ற சிற்றூரில் 1716-இல் பிறந்தவர். 1741-இல் ஸ்டோ மாளிகையின் தோட்டத்துக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு சம்பளத்தில் வந்து சேர்ந்தார். பத்தாண்டு கழித்து லண்டனை ஒட்டிய ஹேமர்ஸ்மித்தில் சொந்தத் தொழில் தொடங்கினார். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'இந்த இடத்துக்கு நல்ல சாத்தியங்கள் இருக்கின்றன' என்று உரிமையாளர்களிடம் சொல்வது அவர் வழக்கம். அதனாலேயே 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்ற பெயர் நிலைத்தது. 1764-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு அரசரின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார்.

பிரவுனின் அழகியலைப் பற்றி நூல்கள் ஏராளம். அவருடைய கான்ட்ராக்ட் முறையைப் பற்றிப் பேச்சு குறைவு. அதில்தான் இன்றைய தோட்ட ஒப்பந்தக்காரரின் முன்னோடி தெரிகிறார். முதலில் அளவையாளர் வந்து நிலத்தை அளப்பார். பிறகு வரைபடம் போடப்படும். எந்தக் குன்றைக் கரைப்பது, எங்கே ஏரி வெட்டுவது, எங்கே புல் போடுவது என்று பட்டியலிட்டு ஒப்பந்தம் எழுதப்படும். வேலை முடிய முடியத் தவணையாகப் பணம் வரும். பெட்வொர்த் மாளிகைக்காக எழுதிய இத்தகைய ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. அவருடைய கணக்குப் புத்தகம் லண்டனில் அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒரே சமயத்தில் பல ஊர்களில் வேலை நடந்ததால், ஒவ்வோர் இடத்திலும் நம்பகமான ஒரு மேஸ்திரி தங்கியிருந்து ஆட்களை நடத்துவார். பிரவுன் குதிரையேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். சாமுவேல் லேப்பிட்ஜ், ஜான் ஸ்பையர்ஸ் போன்ற உதவியாளர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. பிளென்ஹைம் அரண்மனையின் பெரிய ஏரிப்பள்ளத்தில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக நின்றவர்களின் பெயர்கள் வரலாற்றுக்குள் வரவில்லை.

அந்தப் பச்சைக்கு மனிதர்கள் கொடுத்த விலை சில இடங்களில் மிகக் கடுமையானது. டார்செட் பகுதியில் மில்டன் பிரபு, தம் மாளிகைக்குப் பக்கத்திலிருந்த ஊர் கண்ணை உறுத்துகிறது என்று அந்த ஊரையே இடித்து அகற்றினார். மக்களைக் குடிவைக்க மில்டன் அபாஸ் என்ற புதுக் கிராமம் எழுந்தது. அதன் திட்டத்திலும் பிரவுனுக்குப் பங்கு உண்டு. இன்று அங்கே போகும் பயணிகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கும் வெள்ளைக் குடிசைகளைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

விரித்த புல்லை வெட்டுவதும் ஆள் வேலைதான். நீண்ட கைப்பிடி வைத்த பெரிய அரிவாளை இடுப்பிலிருந்து வீசி வெட்டுவார்கள். புல்லில் பனி ஈரம் இருந்தால்தான் வெட்டு சுத்தமாக விழும். ஆகவே விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். எஜமானர் எழுந்து ஜன்னலைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். யாரும் தொடாமலே அப்படி இருப்பதுபோன்ற தோற்றம் புல்தரையின் அழகில் ஒரு பங்கு. அந்தத் தோற்றத்துக்காக உழைத்தவர்கள் கண்ணில் படாமல் போக வேண்டியிருந்தது.

1830-இல் எட்வின் பியர்ட் பட்டிங் என்ற பொறியாளர் இதை மாற்றினார். குளொஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சுழலும் கத்தியால் ஒட்டச் சீவும் எந்திரம் அந்த ஆலைகளில் இருந்தது. துணிக்கு ஆவது புல்லுக்கு ஆகாதா என்று நினைத்த பட்டிங், புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கனவான்கள் தாமே இதைத் தள்ளினால் நல்ல உடற்பயிற்சி ஆகும் என்று விண்ணப்பத்திலேயே எழுதினார். முதலில் வாங்கியவர்களில் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையும் ஒன்று. அரிவாள்காரர்களின் திறமைக்கு மவுசு குறைந்தது. நடுத்தர வீட்டுக்காரருக்கும் புல்தரை எட்டியது.

எட்டிய புல்தரையைக் கட்டாயமாக்கியது அமெரிக்கா. சிகாகோவை அடுத்த ரிவர்சைட் என்ற குடியிருப்பை 1869-இல் வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். முன்னால் மதில் கிடையாது. வீட்டுக்கு வீடு புல் தொடர்ந்து ஓட, தெரு முழுக்க ஒரே பூங்காவாகத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் 1951 வரை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்கள்மீது லெவிட்டவுன் எழுந்தது. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டுப் புல். வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும் என்பது விதி. கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு இல்லை என்பதும் எழுத்திலேயே இருந்த விதி.

இந்தப் பச்சையைப் பராமரித்தவர்களின் கதை மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கும் ஊர் லாஸ் ஏஞ்சலஸ். ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அங்கே முதலில் விவசாயிகளாகவே காலூன்ற முயன்றார்கள். 1913-இல் கலிஃபோர்னியா ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது அது. ஆசியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று நாட்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஜப்பான் என்ற பெயரை உச்சரிக்காமலேயே அடி யார்மேல் விழ வேண்டுமோ அவர்மேல் விழுந்தது. நிலம் வாங்க முடியாதவர்களுக்குப் பிறர் நிலத்தைப் பேணும் வேலை மிஞ்சியது. ஒரு தள்ளு எந்திரம், ஒரு வாரி, ஒரு பழைய வண்டி போதும். பெரிய முதல் தேவையில்லை. திங்கள் இந்தத் தெரு, செவ்வாய் அந்தத் தெரு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு வரிசை உண்டு. அதற்கு 'ரூட்' என்று பெயர். தொழிலை விடுகிறவர் தம் ரூட்டை இன்னொருவருக்கு விலைக்கு விற்பார். ஜப்பானியர் என்றாலே தோட்டம் தெரிந்தவர் என்று வெள்ளைக்கார வீடுகள் நம்பின. வந்த பின் தொழில் பழகியவர்கள் பலர்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையின் பேரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சியாரா நெவாடா மலையடியில் இருந்த மன்சனார் முகாமில் புழுதிக் காற்று ஓயாது. தூசியை அடக்கப் பாராக்குகளுக்கு இடையே புல் வளர்த்தார்கள். பாறை உருட்டிவந்து, குளம் வெட்டி, பாலம் போட்டுத் தோட்டங்கள் அமைத்தார்கள். முகாம் மூடிய பின் மணல் மூடிய அந்தக் குளங்களைப் பல ஆண்டுகள் கழித்து தேசியப் பூங்காத் துறையின் அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். கூலி வாங்காமல், எஜமானர் இல்லாமல், தாங்கள் பார்ப்பதற்கென்று அவர்கள் போட்ட தோட்டங்கள் அவை. புல்தரையின் இத்தனை நீண்ட கதையில் இதைப்போல் மனத்தைத் தொடும் இடம் வேறில்லை.

போர் முடிந்து திரும்பியவர்களுக்குக் கடையும் குத்தகை நிலமும் போயிருந்தன. கல்லூரிப் பட்டம் வாங்கிய இளையவர்களுக்குக்கூட அலுவலகங்கள் கதவு திறக்கவில்லை. மறுபடி எந்திரமும் வாரியும். மேற்கு லாஸ் ஏஞ்சலஸின் சாட்டெல் பகுதியில் தோட்டக்காரர்களின் வீடுகளும் நாற்றங்கால்களும் நிறைந்தன. 1955-இல் தென் கலிஃபோர்னியத் தோட்டக்காரர்கள் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். தனித்தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு அது ஒரு குரல் கொடுத்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் போனார்கள். ரூட்டை எடுத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

எடுத்துக்கொண்டவர்கள் மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். 1998-இல் அவர்கள் நகரத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். உதிர்ந்த இலைகளைக் காற்றால் தள்ளும் பெட்ரோல் ஊதுகுழலை வீடுகளுக்கு 500 அடிக்குள் பயன்படுத்தக் கூடாது என்று நகரசபை தடை போட்டிருந்தது. இரைச்சலும் புகையும் உண்மைதான். ஆனால் வாரியால் இழுத்தால் ஒரு வீட்டுக்கு ஆகும் நேரம் கூடும், கூலி கூடாது. தோட்டக்காரர்கள் நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் தங்கள் முற்றத்துக்கு வந்துபோனவர்களின் முகத்தை நகரவாசிகள் பலர் அன்றுதான் செய்தித்தாளில் நேராகப் பார்த்தார்கள்.

இன்று இந்தத் தொழில் விசாவின் மேல் நிற்கிறது. விவசாயம் அல்லாத பருவ வேலைக்காக அமெரிக்கா தரும் எச்-2பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 66,000. அதில் மிக அதிக இடங்களைப் பிடிப்பது தோட்ட அமைப்பு வேலைதான். வசந்தத்தில் வந்து, பத்தை விரித்து, வெட்டி, இலை வாரி, பனி விழும் முன் ஊர் திரும்புகிறார்கள். 2005-இல் விண்வெளிப் படங்களை வைத்து கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் குழுவினரும் கணக்கிட்டபோது, அமெரிக்காவின் புல்தரைப் பரப்பு சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000.

அவ்வளவுக்கும் தண்ணீர் எங்கே? தென்பகுதி கொலராடோ ஆற்றை நம்பியிருக்கும் நெவாடா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. சாலை நடுத்திட்டு, அலுவலக வாசல் போன்ற இடங்களில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு, 2026 முடிந்த பின் அந்த ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளைச் சட்டம் விட்டுவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் தாமாகப் புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று லாஸ் வேகஸ் வட்டாரத்தின் நீர் ஆணையம் பணம் தருகிறது. பெயர்ப்பதற்கும் ஆள் வேண்டும். பத்தை வெட்ட வைத்திருந்த எந்திரத்தையே ஓட்டிப் புல்லை உரித்துச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் சரளைக் கல்லும் பாலைச் செடியும் வைக்கிறார்கள்.

பெர்முடா புல் கிடந்த முற்றமானால் வேலை அதோடு முடிவதில்லை. உரித்த மண்ணுக்குள் ஒரு துண்டுத் தண்டு தங்கியிருந்தாலும், ஈரம் பட்டதும் சரளையைத் துளைத்துக்கொண்டு தளிர் எழுகிறது. மேஸ்திரிக்கு ஃபோன் போகிறது. அடுத்த நாள் காலை, அதே ஆட்கள் கொத்தோடு வந்து இறங்குகிறார்கள்.