விடுபட்ட 831 பேர்

2020 ஏப்ரல் 22 அன்று ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. நியூயார்க் பகுதியில் நார்த்வெல் ஹெல்த் குழுமத்தின் 12 மருத்துவமனைகளில், மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை கோவிட்டோடு சேர்க்கப்பட்ட 5,700 பேரைப் பற்றிய கட்டுரை. அதன் சுருக்கத்தில் இருந்த ஒரு எண் மட்டும் தனியே பிரிந்து உலகம் சுற்றக் கிளம்பியது: வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 88 சதவீதம்.

எட்டில் ஏழு பேர். செய்தித் தளங்கள் தலைப்பிலேயே போட்டன. சீக்கிரமே குழாய் போட்டுவிடலாமா, முடிந்தவரை தள்ளிப்போடலாமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. ஒரு வருடம் கழித்து, இரண்டாம் அலையின்போது, “வென்டிலேட்டர்ல வெச்சாச்சுன்னா அவ்வளவுதான், திரும்ப வரமாட்டாங்க” என்று நம்ம ஊரில் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருக்கிறேன். அந்த பயத்துக்கு இந்தக் கட்டுரை மட்டுமே காரணம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு புள்ளிவிவரம் கிடைத்திருந்தது.

சரி, அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 4 அன்று, 5,700 பேரில் 2,634 பேருக்குத்தான் முடிவு தெரிந்திருந்தது. ஒன்று வீடு திரும்பியிருந்தார்கள், இல்லை இறந்திருந்தார்கள். இந்த 2,634 பேரில் வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்கள் 320. அதில் இறந்தவர்கள் 282. வகுத்தால் 88.1 சதவீதம். கணக்கில் பிழை கிடையாது.

ஆனால் அந்த மருத்துவமனைகளில் மொத்தம் வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். 282 பேர் இறந்தார்கள், 38 பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் 831 பேர் அன்றைக்கும் மருத்துவமனைப் படுக்கையில்தான் இருந்தார்கள். இறக்கவும் இல்லை, வீடு திரும்பவும் இல்லை என்பதால் வகுத்தலில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது.

அந்த 831 பேரும் பிழைத்திருந்தால் இறப்பு விகிதம் 24.5 சதவீதம். எல்லாரும் இறந்திருந்தால் 96.7 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. அன்றைக்கு நேர்மையாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். சில நாட்களில் கட்டுரை திருத்தப்பட்டு, இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் சுருக்கத்தில் சேர்க்கப்பட்டது. திருத்தத்தை யாரும் தலைப்பாக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மாதிரிக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது. தீவிர சிகிச்சையில் மரணம் சில நாட்களிலேயே வந்துவிடலாம். பிழைப்பதற்கு நேரம் பிடிக்கும். மயக்க மருந்தைக் குறைக்க வேண்டும், இயந்திரத்தின் உதவியைப் படிப்படியாகக் குறைத்துத் தானாக மூச்சுவிடப் பழக்க வேண்டும், பிறகு சாதாரண வார்டு, எழுந்து உட்கார, நடக்க... வீடு திரும்பப் பல வாரங்கள் ஆகும். ஆய்வின் மொத்தக் காலமே ஐந்து வாரம். அதிலும் கூட்டம் அலையாக வந்தது மார்ச் கடைசியில். அவ்வளவு சீக்கிரம் “முடிவு தெரிந்தவர்கள்” யார் என்றால், பெரும்பாலும் இறந்தவர்கள்தான்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் வேலையிலும் இது உண்டு. ஒரு புகாரை முடிக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்க, முடிந்த டிக்கெட்டுகளை மட்டும் எடுத்தால் கணக்கு அழகாக வரும். ஏனென்றால் சுலபமானவை முதலில் முடிந்துவிடும். இழுத்துக்கொண்டே போகிறவை இன்னும் திறந்தே கிடக்கும். எங்களுக்கு அது ஒரு வரைபடப் பிரச்சினை, அவ்வளவே.

இதற்கான மருந்து 2020க்கு 62 வருடம் முன்பே வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் இருந்த எட்வர்ட் காப்லனுக்குக் கடலடித் தொலைபேசிக் கேபிளில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கணிக்க வேண்டியிருந்தது. பால் மேயருக்குப் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. இருவரும் தனித்தனியாக ஒரே இதழுக்கு எழுதி அனுப்ப, இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார் இதழாசிரியர். அப்படி 1958இல் வந்ததுதான் காப்லன்-மேயர் முறை.

அதன் யோசனை எளிமையானது. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: இன்று காலை உயிரோடு நம் கண்காணிப்பில் இருந்தவர்களில் இன்று எத்தனை பேர் இறந்தார்கள்? இன்னும் படுக்கையில் இருப்பவரை இறந்தவராகவும் எண்ணுவதில்லை, விட்டுவிடுவதும் இல்லை. கடைசியாகப் பார்த்த நாள்வரை அவர் உயிரோடு இருந்தார் என்பதும் ஒரு தகவல். அது கணக்கில் சேரும். முடிவு தெரியாத இந்த நிலைக்குப் புள்ளியியலில் சென்சார் என்றே பெயர். சினிமா சென்சாரில் வெட்டப்பட்ட காட்சி மாதிரி, கதையின் மிச்சம் நமக்குத் தெரியாது. ஆனால் அதுவரை பார்த்த கதை பொய்யாகிவிடாது.

தீவிர சிகிச்சையின் வரலாற்றில் இதே போன்ற ஒரு எண் முன்பும் வந்திருக்கிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. போலியோ நுரையீரலைத் தாக்கும் வைரஸ் இல்லை, ஆனால் மூச்சுவிடும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் சில வாரங்களில் சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். 87 சதவீதம். இது விடுபட்டவர்களால் வீங்கிய எண் இல்லை, நிஜமான 87. அதைப் பார்த்துத்தான் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனை அழைத்தார்கள். அவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய ஐசியுவின் தொடக்கம் அங்கேதான் என்பார்கள்.

கோபன்ஹேகனின் 87 “சிகிச்சையை மாற்று” என்றது. நியூயார்க்கின் 88 “சிகிச்சையால் பயனில்லை” என்று காதில் விழுந்தது. முதலாவது உண்மை. இரண்டாவது அவசரமாகப் படிக்கப்பட்ட பாதிக் கதை.

பிரிட்டனிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி அறிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 2,249 பேரில் முடிவு தெரிந்தவர்கள் 690 பேர். அதில் 346 பேர் இறந்திருந்தார்கள். “பாதிப்பேர் சாகிறார்கள்” என்று செய்தி வந்தது. 1,559 பேர் அப்போதும் சிகிச்சையில் இருந்தார்கள். அட்லாண்டாவில் மூன்று மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் வைக்கப்பட்ட 165 பேரை, கிட்டத்தட்ட எல்லாருக்கும் முடிவு தெரியும்வரை காத்திருந்து எண்ணினார்கள். இறந்தவர்கள் 59 பேர், அதாவது 35.7 சதவீதம். அட்லாண்டா நியூயார்க் அளவுக்கு நிரம்பி வழியவில்லை என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் 88க்கும் 36க்கும் நடுவே உள்ள இடைவெளியை நெரிசலால் மட்டும் விளக்கிவிட முடியாது.

காத்திருந்து எண்ணியதன் பெரிய பலன் ஜூன் 16 அன்று தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேவும் நடத்திய ரெகவரி ஆய்வு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே அளவு காலம், 28 நாள், கொடுத்து எண்ணியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் இறந்தார்கள். தினமும் 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் பெற்றவர்கள் 29.3 சதவீதம். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் விலை மலிவான மருந்து. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குத்தான் பயன் அதிகம். யாரை எல்லாரும் கைவிட்டுக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்கு.

28 நாளும் முழுக் கதை இல்லைதான். 29ஆம் நாளும் இயந்திரத்தில் இருந்தவர்கள் உண்டு, வீடு திரும்பியும் மாதக்கணக்கில் படியேற முடியாதவர்கள் உண்டு.

நார்த்வெல் ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெள்ளத்தின் நடுவே நின்றுகொண்டு அளவுகோலைப் படித்துச் சொன்னார்கள். என் கவலை எல்லாம், அந்த ஏப்ரலில் நியூயார்க்கில் மருத்துவமனைக்குள் அனுமதி இல்லாமல் வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களைப் பற்றித்தான். “குழாய் போடலாமா?” என்று மறுமுனையில் கேட்கும்போது, அவர்கள் மனதில் 88 என்ற எண் இருந்திருக்கும். அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய எண்களும் அதே கட்டுரைக்குள்தான் இருந்தன: இதுவரைக்கும் நூத்துல 25 பேர் இறந்திருக்காங்க. மூணு பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க. மிச்சம் 72 பேருக்கு இன்னும் சிகிச்சை நடந்துட்டிருக்கு.